பன்னிரண்டு வருஷப் பஞ்சம்! திண்டுக்கல் சீமையின் மண் சொல்லும் கதை

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருந்தல் என்ற சிற்றூர் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் பொருந்தலாறு அதன் பக்கத்தில் ஓடுகிறது.

2009, 2010-ம் வருஷங்களில் புதுச்சேரிப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய மாணவர்களும் அந்த ஊரில் மண்ணைத் தோண்டினார்கள். பழங்காலத்துக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி அறை போல அமைத்து, இறந்தவர்களை அதில் வைத்து மூடியிருந்தார்கள். கூடவே இரும்புச் சாமான்களும் ஆயிரக்கணக்கான மணிகளும் இருந்தன.

ஆனால் ஆராய்ச்சியாளர்களை எல்லாவற்றிலும் அதிகமாக வியக்க வைத்தது தங்கமும் அல்ல, மணியும் அல்ல. நான்கு கால்கள் உள்ள ஒரு மண் ஜாடி! அதனுள்ளே சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது.

நெல்லை அமெரிக்காவில் உள்ள ஒரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிக் காலத்தைக் கணித்தார்கள். கி. மு. 490 என்று விடை வந்தது. மற்றொரு கல்லறையில் கிடைத்த நெல்லுக்கு கி. மு. 450 என்று கணக்கு வந்தது. அதே இடத்தில் கிடைத்த மண்பாண்டத் தாங்கியில் தமிழ் எழுத்தும் இருந்ததால், தமிழ் எழுத்தின் வயது பற்றி அறிஞர்களிடையே பெரிய விவாதமே எழுந்தது. இன்னும் பல இடங்களிலிருந்து இத்தகைய கணக்குகள் வர வேண்டும் என்றார்கள் சிலர். அந்த விவாதம் ஒரு புறம் இருக்கட்டும்.

ஒரு பிடி நெல்லையும் வீணாக்க மனம் வராத நாடு இது. அப்படியிருக்க, இரண்டு கிலோ நெல்லை இறந்தவர்களோடு மண்ணுக்குள் வைத்து மூடினார்கள் என்றால், அந்த வருஷம் அந்த ஊரில் விளைச்சல் இருந்தது என்று பொருள். இறந்தவர்கள் போகிற இடத்திலும் பசிக்கக் கூடாது என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது என்று பொருள்.

அந்தக் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மழை மறைவு நாடு

திண்டுக்கல் சீமையின் அமைப்பே அலாதியானது. தெற்கிலும் மேற்கிலும் பழனி மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. கிழக்கே சிறுமலை. ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வரும் மழை மேகங்கள் மலையின் அந்தப் பக்கத்திலேயே தம் சரக்கைக் கொட்டிவிடுகின்றன. இந்தப் பக்கத்துச் சமவெளிக்குக் காற்றுதான் வந்து சேர்கிறது. கொடைக்கானலில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதிதான் திண்டுக்கல் சமவெளிக்குக் கிடைக்கிறது. அதுவும் ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. இந்தச் சீமை இரண்டு பெரிய ஆறுகளின் நடுவே உள்ள வரப்பு மாதிரி. ஆத்தூர்ப் பக்கத்து மலைச் சரிவிலிருந்து புறப்படும் குடகனாறு வேடசந்தூர் வழியாக வடக்கே போய், அமராவதியோடு சேர்ந்து காவிரிக்குப் போகிறது. பழனிப் பக்கத்து ஆறுகளும் அமராவதிக்கே போகின்றன. மருதாநதியும் மஞ்சளாறும் தெற்கே இறங்கி வைகையில் கலக்கின்றன. வரப்பின் மேல் விழுந்த தண்ணீர் எப்படி இரு பக்கமும் ஓடிப் போய் விடுமோ, அப்படித்தான் திண்டுக்கல்லின் தண்ணீரும் ஓடிப் போய்விடும். பிடித்து நிறுத்தினால்தான் உண்டு.

இதை முதலில் தெரிந்துகொண்டவர்கள் யார்? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே வாழ்ந்தவர்கள்தாம்! பொருந்தல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மலையிலிருந்து ஆறு சமவெளியில் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது. மழை பெய்யாத மாதத்திலும் மலையின் ஈரம் கசிந்து வரும் இடம் அது. வறண்ட நாட்டின் நடுவே நெல் விளைய வைத்த மூளை அந்த இடத்தைத் தேடிப் பிடித்த மூளைதான்.

மலை மேலேயும் மக்கள் இருந்தார்கள். தாண்டிக்குடி முதலிய ஊர்களில் கற்பலகைகளால் கட்டிய பழைய ஈமச் சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஆங்கிலேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்பொருள் துறை 1928-ல் வெளியிட்டது. பின்னாளில் ராஜன் குழுவினர் தாண்டிக்குடியிலும் தோண்டி ஆராய்ந்தார்கள்.

ஆற்றோரம் கிடைக்காதவர்களுக்கு மாடுதான் செல்வம். அந்தச் செல்வத்துக்குச் சண்டையும் நடந்தது. ஜில்லா எல்லையைத் தாண்டியவுடன், வைகைக் கரையில், தேனி ஜில்லாவின் புலிமான்கோம்பை என்ற ஊர் வருகிறது. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று, மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த அந்தவன் என்ற வீரனுக்கு நட்ட கல். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்று அதன் எழுத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். புல் வளரும் நாட்டில் மாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்குக் கல் எடுத்தார்கள்!

சிறுமலை வழியில் ஒரு பேச்சு

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடந்து போன கதை எல்லோருக்கும் தெரியும். உறையூரைத் தாண்டியதும் மாங்காட்டு மறையவன் ஒருவனை அவர்கள் சந்திக்கிறார்கள். மதுரைக்கு மூன்று வழிகள் உண்டு என்று அவன் சொல்கிறான். வலப்பக்கத்து வழியில் போனால் பாண்டியனுடைய சிறுமலை தென்படும், அதை வலமாக விட்டு மதுரைக்குப் போகலாம் என்கிறான். அந்தச் சிறுமலைதான் இன்று திண்டுக்கல் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சிறுமலை.

அதே பேச்சில் அவன் இன்னொரு விஷயமும் சொல்கிறான். பாலை என்பது தனியாக ஒரு நிலம் அல்ல. முல்லைக் காடும் குறிஞ்சி மலையும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பை இழந்து துயரத்துக்கு இடமாகும் போது, அதற்குப் பெயர்தான் பாலை என்கிறான். அதற்கு ஓர் உவமையும் கொடுக்கிறான். அரசனும் அவனுடைய அதிகாரிகளும் முறை தவறினால் நாடு எப்படிக் கெடுமோ, அப்படி நிலம் கெட்டுப் போகிறது என்கிறான்.

இன்றைய விஞ்ஞானிகள் பெரிய புத்தகம் எழுதி நிரூபிக்கிற சங்கதியை இளங்கோவடிகள் சில வரிகளில் வைத்திருக்கிறார். ஒன்று, சீதோஷ்ணம் மாறினால் நிலம் மாறும். இரண்டு, வறட்சியையும் ஆட்சியையும் பிரித்துப் பார்க்க முடியாது.

புலவர்களே, போய் வாருங்கள்!

இறையனார் களவியல் உரை என்ற பழைய நூலில் ஒரு செய்தி வருகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. பசி பெருகியது. பாண்டியன் புலவர்களை அழைத்தான். "உங்களைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. நீங்கள் தெரிந்த இடத்துக்குப் போங்கள். நாடு நாடான பிறகு என்னை நினைத்து வாருங்கள்" என்ற கருத்தில் சொல்லி அனுப்பிவிட்டான்.

பன்னிரண்டு வருஷம் கழித்து மழை பெய்தது. அரசன் நாலா திசைக்கும் ஆள் அனுப்பினான். எழுத்து வல்லவர்கள் வந்தார்கள், சொல் வல்லவர்கள் வந்தார்கள், யாப்பு வல்லவர்கள் வந்தார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் மட்டும் ஒருவர்கூட வரவில்லை! பொருள் இல்லாமல் எழுத்தும் சொல்லும் எதற்கு என்று அரசன் வருந்தினான். அப்போது ஆலவாய்ப் பெருமானே அறுபது சூத்திரம் செய்து கொடுத்தார் என்று உரை கூறுகிறது.

சரித்திர ஆசிரியர்கள் இதை அப்படியே வரலாறாக ஏற்பதில்லை. அந்த உரையே பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. ஆயினும் கதையின் உட்கருத்தைத் தள்ளிவிட முடியாது. பஞ்சம் வந்தால் மாடும் மனிதரும் மட்டும் அழிவதில்லை. ஒரு தலைமுறையின் படிப்பும் போய்விடும் என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கடல் கடந்த இலங்கையிலும் இதே போன்ற செய்தி உண்டு. கி. மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கே பெரும் பஞ்சம் வந்தது. அதுவும் பன்னிரண்டு வருஷம் என்கிறார்கள்! பிக்ஷுக்கள் பலர் மாண்டார்கள். பலர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். அதுவரை வாய்ப்பாடமாகவே இருந்த பௌத்த மறை, பாடம் தெரிந்தவர்கள் செத்தால் கூடவே செத்துவிடும் என்ற பயம் வந்தது. மாத்தளைக்கு அருகே அளுவிகாரையில் கூடி, அதை ஏட்டில் எழுதி வைத்தார்கள் என்பது அந்த நாட்டு மரபு.

நல்லதங்காள் கதையிலும் பன்னிரண்டு வருஷப் பஞ்சந்தான். தக்ஷிணத்தில் 1396-ல் தொடங்கியதாகச் சொல்லும் துர்க்காதேவிப் பஞ்சமும் பன்னிரண்டு வருஷந்தான். வாய்க்கு வாய் போன கதையில் எண் ஒன்றாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விட்டுவிட்டு வருஷக் கணக்கில் மழை பொய்த்தது என்பது வெறும் கதைதானா?

குகையில் எழுதிய பஞ்சாங்கம்

இந்தக் கேள்விக்கு விடை மலைக் குகைகளில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் குகைகளில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். ஒவ்வொரு சொட்டும் துளி சுண்ணாம்பை விட்டுப் போகும். ஆயிரக்கணக்கான வருஷங்களில் அது கீழேயிருந்து தூண் போல வளரும். மழை நிறையப் பெய்த வருஷத்துத் தண்ணீரில் ஒரு வகைப் பிராணவாயு. குறைந்த வருஷத்தில் அதன் விகிதம் வேறு. தூணை அறுத்து அடுக்கடுக்காகச் சோதித்தால், பழைய மழைக் கணக்கைப் பஞ்சாங்கம் போலப் படித்துவிடலாம்.

சத்தீஸ்கரில் தண்டக் குகை என்று ஒன்று உண்டு. அங்கே எடுத்த தூணை ஆராய்ந்து 2007-ல் விஞ்ஞானிகள் கட்டுரை வெளியிட்டார்கள். 14-ம், 15-ம் நூற்றாண்டுகளில் பருவமழை பத்துப் பதினைந்து வருஷக் கணக்கில் பலவீனமாக இருந்தது அதில் தெரிந்தது. துர்க்காதேவிப் பஞ்சத்தின் காலமும் அதுவேதான்! பாட்டி சொன்ன கதைக்குக் குகை சாட்சி சொல்கிறது.

மேகாலயத்தின் மாம்லு குகைத் தூண் இன்னும் பழைய செய்தியைச் சொல்கிறது. சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் மழை திடீரென்று குறைந்தது. அதனால் பூமியின் சரித்திரத்தில் அன்று முதல் இன்று வரை உள்ள காலத்துக்கு 'மேகாலய யுகம்' என்று உலக நில இயல் அறிஞர்கள் 2018-ல் பெயர் வைத்தார்கள்.

அதே சமயத்தில் மேற்கே அக்காட் சாம்ராஜ்யம் சரிந்தது. சிரியாவில் டெல் லெய்லான் என்ற பழைய நகரத்தைத் தோண்டிய ஹார்வி வைஸ் என்ற அமெரிக்கர், ஜனங்கள் ஊரை விட்டுப் போன அடுக்கின் மேல் காற்றடித்த புழுதியைத்தான் கண்டார். மண்புழு ஓடிய தடம்கூட அந்த மண்ணில் இல்லை. சுமார் முந்நூறு வருஷம் அந்த ஊரில் யாரும் குடியிருக்கவில்லை என்று 1993-ல் எழுதினார். மழை மட்டுமா காரணம் என்று இன்றும் வாதம் நடக்கிறது.

நம் நாட்டில் சிந்துவெளி நகரங்கள் என்ன ஆயின? அரியானாவில் உள்ள ஒரு பழைய ஏரியின் நத்தை ஓடுகளைச் சோதித்து, ஏறத்தாழ 4,100 வருஷங்களுக்கு முன் அங்கே பருவமழை தளர்ந்தது என்று 2014-ல் கண்டார்கள். ஆனால் சிந்துவெளி மக்கள் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. கட்ச் தீவில் தோலாவீரா நகரத்தார் பாறையைக் குடைந்தும் அணை கட்டியும் மழைத் தண்ணீரைப் பெரிய குளங்களில் சேர்த்து வைத்துப் பல நூற்றாண்டு சமாளித்தார்கள். முடியாமற் போன போது, பெரிய நகரங்களை விட்டுக் கிழக்கே சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து போனார்கள். நிறையத் தண்ணீர் கேட்காத புன்செய்த் தானியங்களில் கவனம் செலுத்தினார்கள். நகரம் போயிற்று, மனிதர்கள் பிழைத்தார்கள்.

மழை குறைந்தால் மட்டுமா?

குறைந்தால் மட்டும் ஆபத்து அல்ல. அதிகமானாலும் ஆபத்துத்தான். அனாவிருஷ்டி, அதிவிருஷ்டி என்று இரண்டையும் பெரியவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

கம்போடியாவின் அங்கோர் நகரம் கால்வாயும் ஏரியுமாகக் கட்டிய நகரம். 14-ம் நூற்றாண்டில் பல பத்து வருஷம் வறட்சி அடித்தது. பிறகு திடீரென்று பேய்மழை கொட்டியது. வியட்நாம் மலைகளில் உள்ள பழைய மரங்களின் வளையங்களை எண்ணி 2010-ல் இதைக் கண்டார்கள். வறட்சியில் தளர்ந்திருந்த நகரத்தின் கால்வாய்களை வெள்ளம் உடைத்து மணலால் மூடிவிட்டது.

வைகைக் கரையும் இதைக் கண்டிருக்கிறது. மதுரைக்குக் கிழக்கே கீழடியில் புதைந்து கிடக்கும் ஊரைப் பற்றி இப்போது தெரியாதவர் இல்லை. அந்தச் சுவர்களின் மேல் ஆற்று மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. ஒரு மணல் துகள் கடைசியாக எப்போது சூரிய வெளிச்சத்தைப் பார்த்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அந்த முறையில் சோதித்தார்கள். சுமார் 1,100 வருஷங்களுக்கு முன் வைகையில் வந்த வெள்ளம் அந்த இடத்தை மூடியது என்று 2025-ல் அறிவித்தார்கள். இன்று கோடையில் ஆடு மேயும் வைகையா இது!

திண்டுக்கல்காரர்களுக்கு இதற்குக் குகைச் சாட்சி வேண்டாம். 1977 நவம்பரில் புயல் மழை கொட்டியது. வேடசந்தூருக்கு அருகே குடகனாற்று மண் அணைக்கு வெள்ளம் திரண்டு வந்தது. மதகுகளைத் தூக்க முயன்றார்கள், மின்சாரம் நின்றுவிட்டது. வேறு யந்திரம் வைத்தும் பலன் இல்லை. கதவுகள் பாதியில் நின்றன. தண்ணீர் அணையின் தலைக்கு மேலே ஏறி வழிந்தது. மண் கரை பல இடங்களில் உடைந்தது. பல வருஷம் தண்ணீருக்கு ஏங்கிய நாட்டில், வந்த தண்ணீரை நிறுத்தவும் முடியவில்லை, வழிவிடவும் முடியவில்லை.

தாது வருஷம்

திண்டுக்கல் சீமையில் எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவர்களின் தாத்தாக்கள் மறக்காமல் சொல்லி வைத்துப் போன பஞ்சம் ஒன்று உண்டு. 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடியோடு பொய்த்தது. பசிபிக் மகாசமுத்திரத்தின் தண்ணீர் சில வருஷங்களில் அளவுக்கு மேல் சூடாகிவிடும். அதற்கு 'எல் நினோ' என்று பெயர். அந்தச் சூடு இந்தியாவின் பருவமழையைக் குலைத்துவிடும். 1877-ல் வந்தது மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று என்று இப்போது தெரிகிறது. சீனாவிலும் பிரேசிலிலும் அதே சமயம் பஞ்சம்!

ஜனங்கள் கற்றாழைக் கிழங்கையும் சப்பாத்திக் கள்ளியையும் புளியங்கொட்டையையும் தின்றார்கள். காலரா வந்தது, அம்மை வந்தது. சென்னை ராஜதானியில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். எத்தனையோ பேர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

வானம் பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் இந்தியாவில் அடியோடு இல்லாமலா போயிற்று? இல்லை. இந்தியாவிலிருந்து சீமைக்குக் கோதுமைக் கப்பல் போவது நிற்கவில்லை. வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது லிட்டன் பிரபுவின் அரசாங்கக் கொள்கை. செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்குத் தினக் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். நாள் முழுவதும் கல் உடைப்பவனுக்கு ஒரு ராத்தல்! சென்னைச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிர் தாங்காது என்று கண்டித்தார். அவர் சொன்னதுதான் நடந்தது.

பிறகுதான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது. பஞ்சக் கமிஷன் போட்டார்கள். 1883-ல் பஞ்ச நிவாரணச் சட்ட விதிகள் வந்தன. நெடுநாளாகப் பேச்சிலேயே இருந்த பெரியாறு அணைத் திட்டம் உயிர் பெற்றது. 1887-ல் வேலை தொடங்கியது. 1895-ல் தண்ணீர் விட்டார்கள். மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையில் விழுந்தது. நிலக்கோட்டைத் தாலுகாவில் உள்ள பேரணையிலிருந்து அந்தத் தண்ணீரைக் கால்வாயில் பிரித்துவிடுகிறார்கள். பேரணையில் நின்று தண்ணீர் பிரிவதைப் பார்க்கிறவர்கள், தாது வருஷத்தில் செத்தவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நூற்று நாற்பது வருஷம் கழித்து

2016-ல் தாது வருஷம் திரும்பி வந்தது போல இருந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 1876-க்குப் பிறகு இவ்வளவு குறைவாகப் பெய்ததில்லை என்று கணக்கிட்டார்கள். 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களையும் வறட்சிப் பகுதி என்று அரசாங்கம் அறிவித்தது.

திண்டுக்கல்லில் கிணறுகள் வற்றின. தென்னை மரங்கள் தலை சாய்ந்தன. மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனவர்கள் வந்த விலைக்கு விற்றுத் திரும்பினார்கள். நகரத்தில் குழாயில் தண்ணீர் பல நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது. குடியானவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல.

ஆனால் தெருவில் எலும்புக்கூடுகள் விழவில்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது. மாதம் இருபது கிலோ அரிசி விலையில்லாமல் கிடைத்தது. வானம் 1876-ல் செய்ததையேதான் 2016-லும் செய்தது. மனிதர்கள் செய்ததுதான் வேறு!

பழங்கால ஊர்களைத் தோண்டுகிறவர்கள் உலகெங்கும் காண்பதும் இதுவே. மழை பொய்க்காத நாடு இல்லை. சேர்த்து வைத்த தண்ணீரும் பகிர்ந்து கொடுத்த தானியமும் உள்ள இடத்தில் அது வறட்சியோடு நின்றது. இல்லாத இடத்தில் பஞ்சமாக முற்றியது. நிலம் குழிந்த இடமெல்லாம் தண்ணீரைத் தேக்கி வைப்பவனே நிலைத்த புகழை அடைவான் என்று, பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புத்தி சொல்லி இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கினார் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். மொட்டைப் பாறையின் மேலும் மழைத் தண்ணீர் தேங்கும்படி சுனைகள் உண்டு. கோட்டையை முற்றுகையிட வரும் எதிரியை விட, மேலே தண்ணீர் தீர்ந்து போவதுதான் பெரிய ஆபத்து என்று கட்டியவர்களுக்குத் தெரியும். அந்தச் சுனைகளைப் பார்த்துவிட்டுக் கீழே நகரத்தைப் பார்த்தால், ஏரியாக இருந்த இடம் எத்தனை, இன்று வீடாக இருக்கும் இடம் எத்தனை என்ற கேள்வி தானாக எழும். வரத்து வாய்க்கால் தூர்ந்தால் மழை வந்தும் ஏரி நிறையாது. கலிங்கை அடைத்தால் நிறைந்த ஏரி கரையை உடைக்கும். பூமி சூடேறி வருவதால் இனி மழையில்லாத நாட்களும் நீளும், பெய்கிற மழையும் ஒரே மூச்சில் கொட்டும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். தாது வருஷமும் குடகனாற்று வெள்ளமும் அடுத்தடுத்து வரலாம்.

பொருந்தல் கல்லறையில் நெல்லை வைத்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் ஆற்றங்கரை பார்த்துக் குடியேறினார்கள். விளைந்ததில் ஒரு பங்கைப் போகிறவர்களுக்கும் எடுத்து வைத்தார்கள். அந்த ஜாடி 2,500 வருஷம் காலியாகாமல் இருந்தது.

இன்று திண்டுக்கல் சீமையில் இருப்பவர்கள் வரப்போகும் பேரன் பேத்திகளுக்கு எடுத்து வைக்க வேண்டியது நெல் அல்ல; ஏரி. ஐப்பசி பிறப்பதற்கு முன் அவரவர் ஊர் ஏரிக்கரையை ஒரு தடவை சுற்றி வந்தால், எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.